கம்ப்யூட்டருக்கு நாடி பார்க்கும் கறுப்புத் திரை!

அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு மாநிலம். அங்கே ஒரு பல்கலைக்கழகம்.

1988-ம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ந் தேதி, புதன்கிழமை இரவு. பல்கலைக்கழகத்தில் 'வாக்ஸ் 8600' என்ற பெரிய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டு உபயோகித்த காலம் அது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஓர் எண் உண்டு. அதன் தலையில் எவ்வளவு வேலை ஏறியிருக்கிறது என்று காட்டும் எண். அந்த நேரத்தில் வழக்கமாக அது 1 என்று இருக்கும். 5-க்கு மேல் போனால், எல்லா வேலையும் தாமதப்படும்.

இரவு 8-49 மணிக்கு ஏதோ ஒன்று சத்தம் இல்லாமல் அதற்குள் புகுந்தது.

9-21 மணி. எண் 5.

9-41 மணி. எண் 7.

10-01 மணி. எண் 16!

10-06 மணிக்குக் கம்ப்யூட்டர் திணறிப்போனது. புதிதாக ஒரு வேலையைக்கூட அதில் தொடங்க முடியவில்லை. ஒருவராலும் அதை உபயோகிக்க முடியவில்லை.

10-20 மணிக்கு நிர்வாகி, உள்ளே புகுந்திருந்தவற்றை எல்லாம் ஒழித்துக்கட்டினார். "அப்பாடா" என்று மூச்சு விட நேரம் இல்லை. 10-41 மணிக்கு எண் 27!

10-49 மணிக்கு அவர் கம்ப்யூட்டரையே நிறுத்திவிட்டார். பிறகு மறுபடி ஓடவிட்டார். 11-21 மணிக்கு எண் 37!

புகுந்தது எது? அதை அனுப்பியது யார்? அந்தக் கதையைப் பின்னால் பார்ப்போம். முதலில், அந்த எண்ணைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

ரேஷன் கடை வரிசை

ரேஷன் கடைக்குப் போயிருப்பீர்கள். கடையில் ஒரே ஒரு தராசு. ஒருவருக்கு அரிசி நிறுக்கிறார்கள். பின்னால் யாரும் இல்லை. அப்படியானால் கூட்டம் 1.

ஒருவருக்கு நிறுக்கும்போது, பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். கூட்டம் 5. முப்பத்தாறு பேர் நின்றால் கூட்டம் 37. கடைசியில் நிற்பவர் பாடு என்ன ஆகும்?

கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் இப்படித்தான் நடக்கிறது. அதன் மூளைக்கு சி.பி.யூ. என்று பெயர். அதுதான் தராசு. ஒவ்வொரு வேலையும் வரிசையில் நிற்கும் ஆள். அந்த வேலைக்கு 'புரோசஸ்' என்று பெயர். பாட்டுப் போடுவது ஒரு புரோசஸ். கடிதம் அச்சடிப்பது இன்னொரு புரோசஸ்.

வரிசையின் நீளத்தைச் சொல்லும் எண்ணுக்கு 'லோடு ஆவரேஜ்' என்று பெயர். சராசரிப் பளு என்று சொல்லலாம். இது மிகவும் பழைய கணக்கு. 'டெனெக்ஸ்' என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் அமைப்பில் 1973-லேயே இது இருந்தது.

இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒரு தராசு அல்ல; நான்கு, எட்டு, பதினாறு தராசுகள்கூட உண்டு. நான்கு தராசு உள்ள கடையில் நான்கு பேர் வந்தால் யாரும் காத்திருக்க வேண்டாம். ஆகவே எண்ணைப் பார்க்கும்போது, "எத்தனை தராசு?" என்றும் கேட்க வேண்டும்.

லினக்ஸ் என்ற அமைப்பில் இன்னொரு விசேஷம். கிடங்கிலிருந்து மூட்டை வருவதற்காகக் காத்திருப்பவர்களையும் அது கூட்டத்தில் சேர்த்துவிடும். அதாவது, டிஸ்க்கிலிருந்து தகவல் வருவதற்காக நிற்கும் வேலைகளையும் சேர்த்து எண்ணும். ஆகவே தராசு சும்மா இருக்கும்போதும் எண் ஏறலாம். "மூளை ஓய்வாக இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் நகரவில்லையே!" என்று திகைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மூன்று எண்கள்

லோடு ஆவரேஜ் ஒரு எண்ணாக வராது. மூன்று எண்களாக வரும். முதலாவது, கடந்த 1 நிமிடத்தின் சராசரி. இரண்டாவது 5 நிமிடச் சராசரி. மூன்றாவது 15 நிமிடச் சராசரி.

எதற்காக மூன்று? காய்ச்சல்காரனுக்கு ஒரு தடவை மட்டும் சூடு பார்த்தால் போதுமா? ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிய வேண்டாமா?

முதல் எண் பெரியது, மூன்றாவது சிறியது என்றால் காய்ச்சல் ஏறுகிறது. முதல் எண் சிறியது, மூன்றாவது பெரியது என்றால் காய்ச்சல் இறங்குகிறது. மூன்றும் ஒன்றுபோல் இருந்தால், கொஞ்ச நேரமாகவே அந்த நிலைமைதான்.

எழுத்து மட்டும் உள்ள திரை

இந்த எண்களை எங்கே பார்ப்பது?

கம்ப்யூட்டர் என்றால் வண்ணப் படங்களும், சின்னச் சின்னப் பொம்மைகளும் நம் நினைவுக்கு வரும். ஆனால் நிபுணர்களின் மேஜையைப் பாருங்கள். கறுப்புத் திரை. அதில் வெறும் எழுத்துகள். இதற்கு 'டெர்மினல்' என்று பெயர். கட்டளையைத் தட்டினால் பதில் வரும். அவ்வளவுதான்.

படம் போடுவதற்கு நிறைய உழைப்பு வேண்டும். எழுத்துக்குச் சிறிது போதும். கம்ப்யூட்டர் மூச்சு முட்டிக் கிடக்கும்போது, படம் போட்ட ஜன்னல்கள் அசையாமல் நின்றுவிடும். அப்போதும் கறுப்புத் திரை பெரும்பாலும் பதில் சொல்லும்.

இன்னொரு வசதியும் உண்டு. கம்ப்யூட்டர் எங்கோ வெளிநாட்டில் இருக்கலாம். நிர்வாகி தன் வீட்டில் இருக்கலாம். எஸ்.எஸ்.எச். என்ற வழியாக அவர் உள்ளே நுழைகிறார். வந்தவர் உரிமை உள்ளவர்தானா என்று பார்த்து உள்ளே விட, அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வாசல்காப்பான் புரோசஸ் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வாசல்காப்பானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவான்! எழுத்து மட்டும் போய் வருவதால், மெதுவான இணைப்பிலும் வேலை நடக்கும்.

நோயாளியைப் பார்க்க வந்த வைத்தியர், அவன் மார்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும்? கம்ப்யூட்டரைச் சோதிக்கும் கருவியே கம்ப்யூட்டருக்குப் பாரமாக இருக்கக் கூடாது. ஆகவேதான் எடை குறைந்த கருவிகள் தேவைப்பட்டன.

மாணவர் செய்த கருவி

யூனிக்ஸ் என்ற அமைப்பு 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் அதன் கர்த்தாக்கள்.

யூனிக்சில் 'பி.எஸ்.' என்ற கட்டளை உண்டு. அதைத் தட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியல் வரும். ஆனால் அது போட்டோ எடுத்த மாதிரி. எடுத்த கணத்தில் இருந்ததைக் காட்டும். அடுத்த கணம் நடப்பது அதில் தெரியாது.

வில்லியம் லெபேவர் என்ற வாலிபர் அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழக மாணவர். வி.எம்.எஸ். என்ற வேறு ஓர் அமைப்பில், அதிகம் உழைப்பு வாங்கும் வேலைகளை வரிசையாகக் காட்டும் கட்டளை இருந்தது. "யூனிக்சுக்கும் இப்படி ஒன்று வேண்டும்" என்று அவர் எண்ணினார். 1984-ல் 'டாப்' என்ற கருவியை எழுதி வெளியிட்டார்.

டாப் என்றால் உச்சி. எந்த வேலை மூளையை அதிகமாகத் தின்கிறதோ, அது பட்டியலின் உச்சியில் வந்து நிற்கும். சில நொடிக்கு ஒரு தடவை பட்டியல் தானே மாறும். போட்டோ, சினிமா ஆகிவிட்டது!

லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991-ல் லினக்சை வெளியிட்டார். லினக்சிலும் டாப் உண்டு. கறுப்புத் திரையில் அந்த மூன்று எழுத்தைத் தட்டி 'என்டர்' அமுக்கினால் போதும். முதல் வரியிலேயே அந்த மூன்று எண்களும் வந்து நிற்கும்.

மின்சார மீட்டர் கணக்கு

"இந்த வேலை மூளையில் 50 சதவீதம் எடுக்கிறது" என்று டாப் சொல்கிறது. அதற்கு எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டரில் எல்லா வேலைகளுக்கும் மேலே ஓர் அதிகாரி உண்டு. அவருக்கு 'கெர்னல்' என்று பெயர். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் மூளை கொடுத்தோம் என்று அவர் கணக்கு எழுதிக்கொண்டே இருப்பார். லினக்சில் அந்தப் பேரேட்டுக்குப் 'புராக்' என்று பெயர். பார்த்தால் சாதாரணக் கோப்பு மாதிரி இருக்கும். ஆனால் டிஸ்க்கில் அப்படி ஒரு கோப்பே கிடையாது! யாராவது திறந்து படிக்கும்போது, கெர்னல் அந்த நிமிடத்துக் கணக்கை எழுதிக் கையில் கொடுக்கும்.

டாப் செய்வது, அந்தப் பேரேட்டைப் படிப்பதுதான்.

பேரேட்டில் சதவீதம் இருக்காது. அந்த வேலை பிறந்த நாள் முதல் வாங்கிய மொத்த நேரம்தான் இருக்கும். அது நொடியை நூறாகப் பிரித்த கணக்கு. வீட்டு மின்சார மீட்டரும் அப்படித்தானே? அதில் மொத்த யூனிட்தான் ஓடுகிறது. போன தடவை எடுத்த எண்ணை, இந்தத் தடவை எண்ணிலிருந்து கழித்தால்தான் செலவு தெரியும்.

டாப்பும் அதையே செய்கிறது. ஒரு தடவை படிக்கிறது. மூன்று நொடி பொறுத்து மறுபடி படிக்கிறது. மூன்று நொடிக்கு 300 பங்கு. இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் 150 என்றால், பாதி. ஆகவே 50 சதவீதம்!

சில சமயம் ஒரே வேலைக்கு 250 சதவீதம் என்று வரும். பயப்பட வேண்டாம். ஒரு தராசுக்கு 100 என்று கணக்கு. நான்கு தராசு உள்ள கம்ப்யூட்டரில் மொத்தம் 400. ஒரே வேலை இரண்டரைத் தராசைப் பிடித்துக்கொண்டால் 250.

பிரேசில் வாலிபரின் கைவண்ணம்

டாப் நல்ல கருவி. ஆனால் பழகுவதற்குக் கொஞ்சம் முரடு. அந்தக் காலத்தில் திரைக்குள் அடங்கியவைதான் கண்ணில் பட்டன. ஒரு வேலையை நிறுத்த வேண்டும் என்றால், அதன் எண்ணைப் பார்த்துத் தட்ட வேண்டும். அவசரத்தில் ஓர் இலக்கம் மாறினால், வேறு வேலையின் தலை போய்விடும்!

ஹிஷாம் முகமத் என்பவர் பிரேசில் நாட்டுக்காரர். 2004-ல் அவர் ஒரு புதிய கருவியை வெளியிட்டார். தன் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்து அதற்கு 'எச்டாப்' என்று பெயர் வைத்தார்.

இதிலும் எழுத்துகள்தான். ஆனால் வண்ணம் உண்டு. மேலும் கீழும் நகர்த்திப் பட்டியல் முழுவதையும் பார்க்கலாம். மவுசால் தொடலாம். எண்ணைத் தட்ட வேண்டாம்; அம்புக்குறிப் பொத்தானால் அந்த வரிக்குப் போய் நின்றால் போதும்.

திரையின் அடியில் பொத்தான்களின் பெயர்கள் இருக்கும். எப்-3 தேடுவதற்கு. எப்-6 வரிசைப்படுத்துவதற்கு. எப்-9 நிறுத்துவதற்கு. எப்-10 வெளியேற.

எப்-5 அமுக்கினால் வம்சாவளி தெரியும்! கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வேலையையும் இன்னொரு வேலைதான் பெற்றெடுக்கிறது. எந்த வேலை எதன் பிள்ளை என்று மரக்கிளை மாதிரி போட்டுக் காட்டும்.

2016-ல் எச்டாப்பின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதிலிருந்து மேக் கம்ப்யூட்டரிலும் அது ஓடத் தொடங்கியது. பிறகு ஹிஷாம் கொஞ்ச காலம் அதைக் கவனிக்கவில்லை. கருவி அனாதை ஆகிவிடக் கூடாதே என்று சில தொண்டர்கள் கூடினார்கள். 2020-ல் அவர்கள் பொறுப்பை ஏற்று மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள்.

அதற்கு விலை கிடையாது. அளவோ மிகச் சிறியது. உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம், எச்டாப்பைப் போலப் பல மடங்கு பெரியது!

வண்ணங்கள் சொல்லும் சேதி

எச்டாப்பைத் திறந்தால், மேலே கோடு கோடாக ஓடும். ஒரு தராசுக்கு ஒரு கோடு.

பச்சை, சாதாரண வேலைகள் எடுக்கும் பங்கு. சிவப்பு, கெர்னல் தன் காரியத்துக்காக எடுக்கும் பங்கு. நீலம், "எனக்கு அவசரம் இல்லை" என்று ஒதுங்கி நிற்கும் வேலைகளின் பங்கு.

ஒதுங்கி நிற்கும் வேலைகளா? ஆம். ஒவ்வொரு வேலைக்கும் 'நைஸ்' என்று ஓர் எண் உண்டு. நல்ல குணம் என்று அர்த்தம். அது மைனஸ் 20-லிருந்து 19 வரை போகும். எண் கூடக் கூட, அந்த வேலை மற்றவர்களுக்கு வழிவிடும். பெரிய வேலை ஒன்றை இரவு முழுவதும் ஓடவிட்டால், நைஸ் எண்ணைக் கூட்டிவிடுவது மரியாதை.

கீழே மெமரிக் கோடு. இங்கேதான் பலர் பயந்துபோகிறார்கள். கோடு கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். "ஐயோ, மெமரி தீர்ந்துவிட்டதே!"

கோட்டின் நிறத்தைப் பாருங்கள். பச்சைதான் வேலைகள் பிடித்திருக்கும் இடம். மஞ்சள் வேறு. ஒரு தடவை படித்த கோப்பு மறுபடி வேண்டியிருக்கலாம் என்று, காலி இடத்தில் கெர்னல் போட்டுவைத்திருக்கும் சரக்கு அது. காலியாகக் கிடக்கும் அறையில் வீட்டு அம்மாள் வடகமும் புளியும் காயவைத்த மாதிரி. விருந்தாளி வந்தால் உடனே ஒதுக்கி இடம் கொடுத்துவிடுவார். பச்சை முட்டிக்கொண்டு நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

முதலில் வேண்டுகோள், பிறகு கட்டாயம்

ஒரு வேலை கட்டுக்கு அடங்காமல் மூளையைத் தின்கிறது. அதை நிறுத்த வேண்டும். எப்-9 அமுக்குகிறீர்கள். பக்கத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் இரண்டு எண்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

15 என்பது வேண்டுகோள். "தயவு செய்து கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பு" என்று சொல்வது. அந்த வேலை, எழுதிக்கொண்டிருந்ததைச் சேமித்துவிட்டுப் போகலாம்.

9 என்பது கட்டாயம். அந்த வேலைக்குச் சேதியே போகாது. கெர்னல் அந்த இடத்திலேயே அதை முடித்துவிடும். பாதி எழுதிய கணக்கு பாதியிலேயே போய்விடும்.

ஆகவே முதலில் 15. கொஞ்சம் பொறுங்கள். கேட்காவிட்டால் மட்டும் 9. எடுத்ததும் 9-ஐ அமுக்கிவிட்டு, "என் கோப்பு கெட்டுப்போயிற்றே" என்று தலையில் கைவைத்துக்கொள்வதில் பயன் இல்லை.

9-க்கும் மசியாத ஒரு ஜாதி உண்டு. பட்டியலில் 'இசட்' என்ற எழுத்தோடு நிற்கும். 'சோம்பி' என்று அதற்குப் பெயர். நடைப்பிணம் என்று அர்த்தம். அது ஏற்கனவே செத்துப்போன வேலை. அதைப் பெற்ற வேலை வந்து, முடிவைக் குறித்துக்கொண்டு போகாததால், பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. செத்ததை இன்னொரு தடவை எப்படிக் கொல்வது? பெற்றவரைத்தான் கவனிக்க வேண்டும். ஒன்றிரண்டு இருந்தால் கெடுதல் இல்லை.

மாறுவேடப் புழு

இப்போது யூட்டாவுக்குத் திரும்பிப் போவோம்.

அன்று இரவு உள்ளே புகுந்தது ஒரு 'புழு'. தானே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, தன்னைப் போல இன்னொன்றைப் பெற்றுப் போடும் புரோகிராம். அனுப்பியவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்.

அந்தப் புழு பட்டியலுக்குப் பயந்தது! வேலைகளின் பட்டியலை யாராவது பார்த்தால் அகப்பட்டுக்கொள்வோம் என்று அதற்கு மாறுவேடம் போட்டிருந்தார் மாரிஸ். பட்டியலில் அதன் பெயர் 'ஷ்' என்று வரும். கட்டளைகளை வாங்கும் சாதாரண வேலைக்கும் அதே பெயர்தான். யாருக்கும் சந்தேகம் வராது.

அது மட்டுமா? சிறிது நேரத்துக்கு ஒரு தடவை ஒரு குட்டி போட்டுவிட்டுத் தாய் மறைந்துவிடும். குட்டிக்குப் புதிய எண். மூளை வாங்கிய கணக்கும் புதிதாகத் தொடங்கும். "இது நீண்ட நேரமாக உழைப்பு வாங்குகிறதே" என்று ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவு சாமர்த்தியம் செய்தவர் ஓர் இடத்தில் தவறிவிட்டார். "இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கனவே புழு இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளும்படி எழுதியிருந்தார். இருந்தாலும், ஏழில் ஒரு தடவை விலகாமல் தங்கிவிடும்படியும் எழுதிவிட்டார். அந்த ஏழில் ஒன்று மிகவும் அதிகம். ஒரே கம்ப்யூட்டரில் புழுக்கள் பெருகின. 1 என்று இருந்த எண், 5, 7, 16, 27, 37 என்று ஏறியது.

பெயரை மாற்றிக்கொண்ட புழுவால் வரிசையின் நீளத்தை மறைக்க முடியவில்லை. எண் காட்டிக்கொடுத்துவிட்டது!

சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது கணக்குச் சொன்னார்கள். பெர்க்லியிலும் எம்.ஐ.டி.யிலும் நிபுணர்கள் தூக்கத்தை மறந்து, புழுவைப் பிரித்துப் பார்த்து மாற்றுக் கண்டுபிடித்தார்கள். 1990-ல் மாரிசுக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. பிற்காலத்தில் அவர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியர் ஆனார்.

அரை நொடியில் அகப்பட்ட திருடன்

"அது பழைய கதை. இப்போது யார் இந்த எண்களைப் பார்க்கிறார்கள்?" என்று கேட்கலாம். இதோ, 2024-ல் நடந்த சம்பவம்.

ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்பவர் மைக்ரோசாப்ட் கம்பெனியில் என்ஜினீயர். ஒரு நாள் தன் வேலைக்காகச் சில நுட்பமான அளவுகளை எடுத்துக்கொண்டிருந்தார். அளவு துல்லியமாக வர வேண்டும் என்று, கம்ப்யூட்டரில் மற்ற சந்தடிகளை அடக்கி வைத்தார்.

அந்த அமைதியில் ஒன்று கண்ணில் பட்டது. முன்பு சொன்ன எஸ்.எஸ்.எச். வாசல்காப்பான், மூளையை எதிர்பாராத அளவு தின்றுகொண்டிருந்தான். தவறான பெயர் சொல்லி வருபவர்களை, "போ, போ" என்று உடனே அனுப்பிவிட வேண்டிய வேலைதான் அது. அதற்கு இவ்வளவு உழைப்பு எதற்கு?

அளந்து பார்த்தார். முன்பு 0.3 நொடியில் முடிந்த வேலைக்கு இப்போது 0.8 நொடி. அரை நொடிதான் அதிகம்! வேறொருவராக இருந்தால், "போகட்டும்" என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை. நூலைப் பிடித்துக்கொண்டே போனார்.

'எக்ஸ்-இசட்' என்று ஒரு கருவி. கோப்புகளைச் சுருக்கிக் கட்டுவதற்கு உள்ளது. சில லினக்ஸ் வகைகளில் அதன் ஒரு பகுதி, வாசல்காப்பானோடு சுற்றி வளைத்துச் சேர்ந்துகொள்ளும். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர், வருடக்கணக்கில் அந்தக் கருவிக்கு உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்தார். பிறகு 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ரகசியக் கொல்லைப்புறக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். ரகசியச் சாவி வைத்திருப்பவர், அந்தக் கதவு வழியாகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து நினைத்ததைச் செய்யலாம்.

2024-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி பிராயிண்டு இதை உலகத்துக்கு அறிவித்தார். அந்தப் பதிப்புகள் பெரும்பாலும் சோதனை நிலையில் உள்ள லினக்சுகளுக்கு மட்டுமே போயிருந்தன. எல்லாரும் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். இன்னும் சில மாதம் போயிருந்தால், உலகம் எங்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்களில் அந்தக் கதவு ஏறியிருக்கும்.

சுகமாக இருக்கும்போது பாருங்கள்

இரண்டு சம்பவங்களிலும் திருடன் பெயரால் அகப்படவில்லை. இரண்டிலும் அவன் போட்ட வேஷம் நன்றாகவே இருந்தது. அவன் தின்ற சாப்பாட்டுக் கணக்குத்தான் காட்டிக்கொடுத்தது.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. யூட்டாவில் 5 என்ற எண்ணைக் கண்டு ஏன் சந்தேகப்பட வேண்டும்? அந்த நேரத்தில் 1 இருப்பதுதான் வழக்கம் என்று தெரிந்திருந்ததால்தான்! 0.8 நொடி ஏன் அதிகம்? முன்பு 0.3 ஆக இருந்ததால்தான்!

நாடி பார்க்கும் வைத்தியரும் அப்படித்தான். சுகமாக இருப்பவனின் நாடி எப்படி ஓடும் என்று ஆயிரம் கைகளைத் தொட்டு அறிந்தவருக்குத்தான், நோயாளியின் நாடி பேசும்.

உங்கள் வீட்டில் லினக்சோ மேக் கம்ப்யூட்டரோ இருந்தால், அது நன்றாக ஓடும் ஒரு நாளில் கறுப்புத் திரையைத் திறந்து, 'டாப்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். எந்த எண் வழக்கம், எந்தப் பெயர் வழக்கமாக உச்சியில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 'கியூ' எழுத்தை அமுக்கினால் வெளியே வந்துவிடலாம். பார்ப்பதால் எந்தக் கெடுதலும் வராது.

பிறகு ஒரு நாள் கம்ப்யூட்டர் முனகும். அப்போது அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். எந்த எண் மாறியிருக்கிறது, எந்தப் புதிய பெயர் உச்சிக்கு வந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.